கல் திரும்பியது, இடம் திரும்பவில்லை: கஸிமியெஷ் டோல்னி யூதக் கல்லறைத் தோட்டம்

போலந்தின் லூப்ளின் பகுதியில், விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் உள்ள சிற்றூர் கஸிமியெஷ் டோல்னி. ஊரை விட்டு, அருகிலுள்ள ஓப்போலே என்ற ஊருக்குப் போகும் சாலையில் செர்னியாவி என்னும் இடத்தில், மரங்கள் அடர்ந்த சரிவின் அடியில் ஒரு நீண்ட கற்சுவர் நிற்கிறது. உடைந்த கல்லறைக் கற்களைப் பதித்தே எழுப்பிய சுவர் அது. மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாக ஒரு பிளவு அதை இரண்டாக்குகிறது. ஆள் நுழைந்து போகலாம். நுழைந்தால் பின்னால் காடு. காட்டுக்குள் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் சில கற்கள்.

வருபவர்களில் பலர் சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டம் என்பது சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சரிவு. சுவரில் இருக்கும் கற்களில் எதுவும் தனக்குரிய குழியின் மேல் இல்லை. ஒரு கல்லில் பெயர் தெளிவாக இருக்கலாம், தகப்பன் பெயர் இருக்கலாம், இறந்த நாள்கூட இருக்கலாம். அந்த மனிதர் எங்கே கிடக்கிறார் என்பதை மட்டும் அந்தக் கல்லால் சொல்ல முடியாது. கல்லுக்கும் குழிக்கும் இருந்த கட்டு எப்படி அறுந்தது, அதில் எவ்வளவை இன்னும் முடிச்சுப் போட முடியும் என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

ஊரும் இரண்டு தோட்டங்களும்

இத்திஷ் பேசிய யூதர்கள் இவ்வூரைக் குஸ்மிர் என்றார்கள். லூப்ளின் ஞானியின் சீடரான ரப்பி (யூத சமய குரு) எஹெஸ்கேல் தாவுப் இங்கே தொடங்கிய ஹசீதிய (யூத பக்தி இயக்க) மரபு பாட்டுக்குப் பேர்போனது. அவர் 1856-இல் இறந்தார். அவர் வழிவந்த மோட்ஜிட்ஸ் மரபு இன்றும் மெட்டமைப்பதைத் தொழுகையின் பகுதியாகவே கருதுகிறது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே ஊர்மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள்.

ஊருக்குக் கல்லறைத் தோட்டம் இரண்டு. பழையது ஊருக்குள், லூபெல்ஸ்கா தெருவில். 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்தது. புதியது 1851-இல் ஊருக்கு வெளியே செர்னியாவியில் தொடங்கியது. இந்த 1851 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடம் தெரியாத ஒரு கல் கையில் கிடைத்தால், அது எந்தத் தோட்டத்துக் கல் என்று தீர்மானிக்க முதலில் கைகொடுப்பது இந்த எல்லைக்கோடுதான்.

மட்சேவாவின் உடலமைப்பு

யூதக் கல்லறைக் கல்லுக்கு எபிரேயத்தில் மட்சேவா என்று பெயர். நிறுத்தி வைக்கப்பட்டது என்று பொருள். நம் நடுகல் என்ற சொல்லும் அதே செயலைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் இது பெரும்பாலும் ஆள் இடுப்பிலிருந்து தோள் உயரம் வரை வரும் ஒற்றைக் கற்பலகை. மேலே வளைந்த நெற்றி. அதில் புடைப்புச் சிற்பம். அதன் கீழே சற்றுக் குடைந்து இறக்கிய சட்டத்துக்குள் எழுத்து. அதற்கும் கீழே செதுக்காமல் கரடுமுரடாக விட்ட அடிப்பகுதி. மண்ணுக்குள் போவது அதுதான்.

இந்த அமைப்பே சேதத்தின் போக்கையும் தீர்மானிக்கிறது. நிற்கும் பலகையை நெட்டித் தள்ளினால் அது பெரும்பாலும் மண்மட்டத்தில் முறியும். மேற்பகுதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அடிக்கட்டை மண்ணிலேயே தங்கும். அந்த அடிக்கட்டையில் எழுத்து இல்லாததால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் குழி இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரே சாட்சி அதுதான். பெயர் ஒரு பக்கம் போக, இடம் இன்னொரு பக்கம் நின்றுவிடுகிறது.

இரண்டாவது விஷயம் கல்லின் படிவு வரி. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. மெல்லிய பலகை வேண்டுமென்றால் கல்தச்சர் அந்த அடுக்குக்கு இணையாகப் பிளந்தெடுப்பார்; அதுதான் எளிது. அப்படி எடுத்த பலகையை நிமிர்த்தி நட்டால் அடுக்குகள் எழுத்து முகத்துக்கு இணையாக, செங்குத்தாக நிற்கும். மேல்விளிம்பு வழியாக மழைநீர் அடுக்குகளுக்குள் இறங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும். சில பத்தாண்டுகளில் எழுத்திருக்கும் முகம் தோல் உரிவதுபோல் ஒரே தகடாகக் கழன்று விழும். பார்ப்பதற்குக் கல் முழுசாக நிற்கும். படிக்க ஒன்றும் இருக்காது. யாரும் கை வைக்காத கல்லுக்கே இந்த விதி. பெயர்க்கப்பட்ட கற்களுக்கு நேர்ந்தது வேறு.

முற்றத்துத் தரைக்கல்

ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் 1940-இல் இவ்வூர் யூதர்கள் கெட்டோ என்னும் தனிப் பகுதிக்குள் அடைக்கப்பட்டார்கள். ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் பிரான்சிஸ்கன் மடாலயத்தை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ தன் தலைமையிடமாக எடுத்துக்கொண்டது. அதன் முற்றத்துக்குத் தளம் போடக் கல்லறைக் கற்கள் கொண்டுவரப்பட்டன. கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட யூதர்களே தங்கள் முன்னோரின் கற்களைப் பெயர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. 1942 மார்ச்சில் எஞ்சியவர்கள் ஓப்போலேவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கிருந்து பெல்ஜெட்ஸ், சோபிபோர் கொலைமுகாம்களுக்கு ரயில்கள் போயின. கற்களைப் பார்த்து இது என் பாட்டியுடையது என்று சொல்லக்கூடியவர்கள் இல்லாமல் போனது அப்போதுதான். வரைபடமோ அடக்கப் பதிவேடோ கையில் இல்லாத இடத்தில் ஆளின் நினைவே பதிவேடு. ஆளும் போனபின் எதுவும் மிஞ்சவில்லை.

இது குஸ்மிருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்து முழுவதும் மட்சேவாக்கள் சாலைக்கும் நடைபாதைக்கும் போயின. போருக்குப் பிறகும் அந்த எடுப்பு நிற்கவில்லை: வாசற்படிக்கு, களஞ்சிய அடித்தளத்துக்கு, சாணைக்கல்லுக்கு. மணற்கல் சாணைக்கு நன்றாக வரும் என்பதால் எழுத்திருக்கும் பலகையை வட்டமாக வெட்டி நடுவில் துளையிட்ட கற்கள் போலந்துக் கிராமங்களில் இன்றும் கிடைக்கின்றன.

தரையில் கிடந்த கல்லுக்கு என்ன ஆகும் என்பது அது எந்தப் பக்கம் படுத்தது என்பதைப் பொறுத்தது. எழுத்து மேலே இருந்தால் காலணியும் சக்கரமும் முதலில் புடைப்பைத் தேய்க்கும். சிங்கத்தின் பிடரியும் பறவையின் சிறகும் போய் வெறும் மேடாகும். குடைந்து வெட்டிய எழுத்து கொஞ்சம் தாங்கும். புடைத்து நிற்கும்படி செதுக்கிய எழுத்து தாங்காது. எழுத்து கீழே இருந்தால் மணல் மெத்தை அதைக் காக்கும். ஆனால் ஈரம் வடியாமல் தேங்கினால் உப்பு ஏறி, எடுத்த பிறகு உலரும்போது முகம் பொடியாக உதிரும். அளவு சரிவர விளிம்புகளைத் தட்டியெடுப்பது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. ஓரம் போனால் வரியின் முதலெழுத்தும் கடையெழுத்தும் போகும்.

போருக்குப் பின்

பழைய தோட்டம் இருந்த லூபெல்ஸ்கா தெரு நிலம் பள்ளி மைதானமானது. போலந்தின் 1959ஆம் ஆண்டுக் கல்லறைச் சட்டம், கடைசி அடக்கம் நடந்து 40 ஆண்டுகள் ஆன நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வழிவிடுகிறது. யூத சமய விதியில் அப்படிக் காலக்கெடு ஏதும் இல்லை. புதைத்த இடம் புதைந்தவருக்கே உரியது. எலும்பைக் கிளறக் கூடாது, கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கல்லறைதான். எபிரேயத்தில் இதற்கு வாழ்வோர் இல்லம் என்று ஒரு பெயர் உண்டு. அடக்கம் செய்ய ஊரில் யாருமே மிஞ்சாத நிலையில் அந்த 40 ஆண்டு தானாகவே ஓடி முடிந்துவிடும். அழிக்கப்பட்ட சமூகத்துக்கு இந்த விதி எவ்வளவு பாதகமானது என்பதற்கு இந்த மைதானமே சான்று.

மடாலய முற்றத்திலிருந்து மீட்ட கற்களும் துண்டுகளும் ஏறத்தாழ 600. அவற்றைக் கொண்டு கட்டடக் கலைஞர் ததேயுஷ் அவ்குஸ்டினெக் வடிவமைத்த சுவர் 1984-இல் செர்னியாவியில் எழுந்தது.

இப்படி மீண்ட கற்களை என்ன செய்வது என்பதற்குப் பொதுவாக மூன்று வழிகள். ஒன்று, முழுக் கற்களைத் தோட்டத்தில் வரிசையாக நட்டுவிடுவது. பார்க்கக் கல்லறைத் தோட்டம் போலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லும் வேறொருவர் மேல் நின்று பொய் சொல்லும். நூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் அதை உண்மையான இடம் என்றே குறித்துக்கொள்வார். இரண்டு, கூரைக்கடியில் கிடங்கிலோ அருங்காட்சியகத்திலோ வைப்பது. கல்லுக்கு அது நல்லது. தோட்டம் வெறும் காடாகிவிடும், அடுத்து அதை யாராவது மனையாக்கக் கேட்பார்கள். மூன்றாவது, துண்டுகளைத் துண்டுகளாகவே காட்டும் நினைவுச் சுவர்.

குஸ்மிர் மூன்றாவதைத் தேர்ந்தது. அது சரியான தேர்வு என்பதே எங்கள் கருத்து. சுவர் உடைப்பை மறைக்கவில்லை. பிளவு, உடைந்ததை உடைந்ததென்றே சொல்கிறது. ஆனால் சுவர் கேட்கும் விலையும் உண்டு. பதித்த கல்லின் முதுகும் பக்கங்களும் இனிக் கண்ணுக்குக் கிடையாது. கனத்தை, அதாவது தடிமனை, அளக்க முடியாது, முறிவுப் பரப்பைப் பார்க்க முடியாது, பின்புறத்து உளித்தடத்தை ஒப்பிட முடியாது. துண்டோடு துண்டு சேருமா என்று தீர்மானிக்க இந்த மூன்றும்தான் வேண்டும். ஆகவே இன்று இப்படிச் சுவர் எழுப்ப நினைக்கும் எந்த ஊரும் பதிப்பதற்கு முன்பு ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, ஆறு பக்கமும் படமெடுத்து, நீளம், அகலம், கனம் குறித்து, முறிவு விளிம்பைத் தாளில் வரைந்து வைத்துவிட வேண்டும். கலவை காய்ந்த பிறகு அந்தத் தகவல் திரும்பாது.

இன்னொன்று பழைய சிக்கலேதான். தரையில் படுத்திருந்தபோது கல்லின் அடுக்கு இயற்கையாக இருக்க வேண்டிய கிடைமட்டத்தில் இருந்தது. சுவரில் மீண்டும் செங்குத்து. மேல்விளிம்பில் நீர் இறங்காமல் தடுக்காவிட்டால் முகம் உரியும் வேலை மறுபடி தொடங்கும். பதிக்கும் கலவை போர்ட்லாந்து சிமெண்டாக இருந்தால் இன்னும் மோசம். அது மணற்கல்லைவிடக் கடினம், நீரை உள்ளே விடாது. ஈரம் முழுவதும் கல் வழியாகவே வெளியேறும், கூடவே சிமெண்டின் உப்பும் வரும். சில ஆண்டுகளில் கலவை அப்படியே வரப்புபோல் நிற்க, கல்லின் ஓரம் அரித்துப் பள்ளமாகும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் கலவையே பொருத்தம். அரிக்க வேண்டியது கலவைதான், கல் அல்ல. இரும்பு முளை வைத்தால் துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு வேண்டும்.

ஒரு துண்டைப் படிப்பது

கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டில் மைப்படி எடுக்கத் தோன்றும். இங்கே அது கூடாது. ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடிக்கும்போது, உரிந்து தொங்கும் மணற்கல் தோல் தாளோடு வந்துவிடும். சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை தடவி எழுத்தை எடுத்துக்காட்டும் பழக்கமும் கெடுதல். துளைக்குள் தங்கும் மாவு பூஞ்சைக்கு உணவு.

வேண்டியது வெளிச்சம் மட்டுமே. கல் முகத்தை ஒட்டிச் சாய்வாக, 10 முதல் 20 பாகைக் கோணத்தில் ஒளி விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். மர நிழலில் இருக்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியால் வெயிலைத் திருப்பலாம். ஒரே பக்கத்து ஒளி போதாது: இடப்புற ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெரியும், படுக்கைக் கோடுகள் மறையும். மேல், இடம், வலம் என்று குறைந்தது மூன்று திசையில் எடுக்க வேண்டும். முப்பரிமாணப் பதிவுக்கு ஒன்றோடொன்று 60 முதல் 80 விழுக்காடு மேற்படியும் படங்கள் தேவை.

எழுத்துப் பகுதியின் தலையில் பெரும்பாலும் பே, நூன் என்று இரண்டு எழுத்து இருக்கும்: இங்கே அடங்கியிருக்கிறார் என்பதன் சுருக்கம். அடியில் தாவ், நூன், ட்சாதே, பேத், ஹே என்று ஐந்து எழுத்து: இவர் ஆன்மா வாழ்வின் கட்டில் கட்டப்பட்டிருக்கட்டும் என்ற வேண்டுதல். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் துண்டு மேற்பாதியா கீழ்ப்பாதியா என்று உடனே பிரித்துவிடலாம். பெயருக்குப் பின் பென் என்றிருந்தால் மகன், பத் என்றிருந்தால் மகள். எழுத்து முழுதும் போய்ச் சிற்பம் மட்டும் இருந்தாலும் வழி உண்டு. மெழுகுவர்த்தித் தண்டு பெரும்பாலும் பெண்ணுக்கு, வார ஓய்வுநாளான சப்பாத்துக்கு விளக்கேற்றுவது அவர் கடமை என்பதால். விரித்த இரு கைகள் கோஹன் என்ற குருமார் குலத்தவருக்கு, நீர்க்குடம் அவர்களுக்குத் துணைநிற்கும் லேவியர் குலத்தவருக்கு, முறிந்த மரம் அகாலத்தில் போனவருக்கு. சிங்கம் யெஹூதா அல்லது ஆர்யே என்ற பெயருக்கு, மான் ட்ஸ்வி என்ற பெயருக்கு, பறவை பெரும்பாலும் ஃபெய்கல் அல்லது ட்சிப்போரா என்ற பெண்ணுக்கு.

சில கல்வெட்டுகளில் வரிகளின் முதலெழுத்தை மேலிருந்து கீழாகச் சேர்த்தால் இறந்தவர் பெயர் வரும். ஐந்து துண்டாக உடைந்த கல்லில் எந்தத் துண்டுக்குக் கீழே எது என்று தெரியாதபோது இதுவே கைவிளக்கு. வலது ஓரத்தைத் தட்டியெடுத்த கல்லில் இந்த உதவியும் போய்விடும்.

ஆண்டு படிப்பதில்தான் தவறு அதிகம். எபிரேயத்தில் எழுத்தே எண். உலகப் படைப்பிலிருந்து எண்ணும் யூத ஆண்டு ஐயாயிரத்தைத் தாண்டியது; அந்த ஐயாயிரத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் வெட்டுவார்கள். தாவ் 400, ரேஷ் 200, யோத் 10, ஆலெஃப் 1, கூட்டினால் 611. அதோடு 1240 சேர்த்தால் 1851, புதிய தோட்டம் தொடங்கிய ஆண்டு. யூதப் புத்தாண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், புத்தாண்டு பிறக்கும் திஷ்ரி மாதம் தொட்டு டிசம்பர் முடியும்வரை விழும் நாள்களுக்கு 1239தான் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் ஓராண்டு தள்ளிப்போகும்.

தேய்ந்த கல்லில் ஹேயும் (5) ஹேத்தும் (8) ஒன்றுபோல் தெரியும். இடக்காலின் மேலே ஒரு சிறு இடைவெளிதான் வேறுபாடு. 625 என்றால் 1865, 628 என்றால் 1868. இது சிறிய பிழை. கிமெலையும் (3) நூனையும் (50) மாற்றிவிட்டால் பெரிய பிழை: தாவ், ரேஷ், நூன் என்றால் 650, அதாவது 1890; தாவ், ரேஷ், கிமெல் என்றால் 603, அதாவது 1843. முதலாவது செர்னியாவிக் கல். இரண்டாவது லூபெல்ஸ்கா தெருவில் நின்றிருக்க வேண்டிய கல். ஒரே எழுத்தின் அடிக்கோடு தேய்ந்ததால் ஒரு மனிதரைத் தவறான தோட்டத்துக்கு அனுப்பிவிடுவோம். இரண்டு தோட்டத்துக் கற்களும் கலந்து கிடக்கும் இவ்வூரில் சந்தேகமுள்ள எழுத்தை ஊகித்து நிரப்பாமல், பகர அடைப்புக்குள் புள்ளி வைத்துவிடுவதே நேர்மை. நாளும் மாதமும் கிழமையும் சேர்ந்து கிடைத்தால் பஞ்சாங்கக் கணக்கில் சரிபார்த்து இரண்டில் ஒன்றைக் கழித்துவிடலாம்.

கழுவுவதும் கழுவாமல் விடுவதும்

கழுவுவதற்கு முன் வண்ணத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலந்து மட்சேவாக்கள் பல நிறம் பூசப்பட்டவை. குடைவுகளின் ஆழத்தில் நீலமோ சிவப்போ கறுப்போ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்வக்கோளாறில் தேய்த்தால் முதல் நீரிலேயே போய்விடும். வண்ணம் இல்லை என்று உறுதியான பிறகு, சுத்தமான நீர், மென்மையான தூரிகை, மரக்குச்சி. கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த பகுதியில் ஓடிக் கறை பிடிக்கும். இரவில் உறைபனி வரும் காலத்தில் நீரே கூடாது. கம்பித் தூரிகை, உயரழுத்த நீர், வெளுப்பான், அமிலம் எதுவும் கூடாது. சுண்ணாம்புக் கல்லில் அமிலம் பட்டால் எழுத்தே கரையும். கற்பாசியைக் காயக் காயச் சுரண்டினால் மணலையும் சேர்த்துப் பிடுங்கும். நனைத்து ஊறவிட்டு, இளகியதை மட்டும் எடுக்க வேண்டும். உரியத் தொடங்கிய முகத்தைக் கழுவவே கூடாது, அது கல் பாதுகாப்பாளரின் வேலை.

சுவருக்குப் பின்னால்

கஸிமியெஷைச் சுற்றியுள்ள மண் காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்மண், லோயெஸ். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நனைந்தால் கரைந்து சரியும். இவ்வூரின் புகழ்பெற்ற பள்ளத்தாக்குகள் அப்படி அரித்தவைதான். சரிவில் நிற்கும் கற்கள் சாய்வதும், அடிக்கட்டைகள் மண்ணுக்குள் அமிழ்வதும், சில இடங்களில் வெளியே தலைகாட்டுவதும் இதனால்.

இங்கே வேலை செய்பவருக்குக் கை கட்டியிருக்கும். தோண்டக் கூடாது. மரத்தை வேரோடு பிடுங்கக் கூடாது, வேர் எலும்பைப் பற்றியிருக்கும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு அடிமரத்தை மக்கவிட வேண்டும். கனரக வண்டி ஏறக் கூடாது. வேலித்தூண் நடுவதென்றால் எல்லைக்கு வெளியே. சருகைக் கையால் ஒதுக்கி, மேலே தெரியும் அடிக்கட்டை ஒவ்வொன்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்றுவதற்கு மட்டும் தடையில்லை. இலையுதிர்ந்து, புல் எழும்பாத மார்ச், ஏப்ரல் மாதங்களே இதற்கு ஏற்றவை.

அந்த வரைபடத்துக்குப் பெரிய பயன் உண்டு. ஓர் அடிக்கட்டையின் அகலமும் கல்லின் நிறமும் முறிவின் வளைவும், சுவரிலுள்ள ஒரு துண்டின் கீழ்விளிம்போடு பொருந்தலாம். கனம் தெரியாததால் முழு உறுதி கிடைக்காது. ஆயினும் அகலமும் முறிவுக்கோடும் பொருந்தி, ஆண்டும் 1851-க்குப் பிந்தியதாக இருந்தால், அந்தப் பெயருக்கு உரிய இடம் இது என்று வலுவாகச் சொல்லலாம். அடிக்கட்டைகள் மண்ணுக்குள் முழுதும் அமிழுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

சுவருக்கு வருபவர்கள் கூழாங்கல் வைப்பது மரபு. அதைச் சுவரின் இடுக்கில் செருகாமல் அடியில் தரையில் வைக்க வேண்டும். இடுக்கில் இருக்கும் கல்லுக்குப் பின்னால் நீர் தேங்கி, பனியில் உறைந்து, பக்கத்து எழுத்தைத் தள்ளும். மெழுகு விளக்கையும் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே ஏற்ற வேண்டும்.